வந்தவரைக் காத்த துறை

(பாடசாலையின் நூற்றாண்டு விழா அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



'மனிதரின் பன்மையை விசுவாசத்தின் கண்கொண்டு கொண்டாடுதல்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் ஒரு கத்தோலிக்கப் பெண். ஆகவே என் விசுவாசத்தின் வழியாகத்தான் என்னால் பேச முடியும். ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் சைவப் பிள்ளைகள் என்பதையும், அவர்கள் ஒருநாளும் இங்கே தங்கள் திருநீற்றை அழித்துவிட்டுப் படிக்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

நம் நாட்டில் எந்த விழா என்றாலும் பிக்கு ஒருவர், குருக்கள் ஒருவர், மௌலவி ஒருவர், அருட்தந்தை ஒருவர் என நால்வர் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுவார்கள். அது நல்ல வழக்கம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் விளக்கு ஏற்றி முடிந்த பிறகு நால்வரும் நான்கு வாகனங்களில் திரும்பிப் போய்விடுகிறார்கள். பன்மையைக் கொண்டாடுவது அந்த ஐந்து நிமிடத்தோடு முடிந்துவிடுமா என்பதே என் கேள்வி. அதற்கான விடையைத் தேடத் தூர தேசம் போகத் தேவையில்லை. நம்முடைய தீவகத்திலேயே தேடலாம்.

நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பலர் அதைக் கடந்து போயிருப்பீர்கள், சிலர் வாசித்தும் இருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. சிங்கள அரசன் ஒருவனின் கட்டளை, தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்று அது ஓர் அம்மன் கோவிலில் நிற்கிறது. இதுவே யோசிக்க வேண்டிய ஒன்று. ஆனால் அதில் எழுதியிருப்பது இன்னும் பெரியது.

அந்தக் கட்டளை நம் ஊரைப் பற்றியது. ஊராத்துறை என்று அதில் வருவது இன்றைய ஊர்காவற்றுறை. அங்கே வெளிநாட்டவர் வந்து இறங்கித் தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும், பல துறைகளிலிருந்தும் வருவோர் நம் துறையில் கூட வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்து வருவது கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்ற விதி. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு.

அரசன் தனக்கும் பங்கு வைத்துக்கொண்டானே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்து நிலையை நினைத்துப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய கப்பல் கரையை ஆள்பவனுக்கே சொந்தம் என்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய அரசன் கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த சாசனமும், முன்னைய அரசர்கள் உடைந்த கப்பலின் பொருளை முழுவதாகப் பறித்தார்கள் என்று சொல்லித்தான் அதை மாற்றுகிறது. அப்படியான உலகத்தில், அலையில் எல்லாம் இழந்து வந்தவனிடம் மிச்சத்தையும் பறிக்காதே, அவனுடைய பங்கை அவனுக்குக் கொடு என்று நம் துறைக்கு ஒரு விதி இருந்தது. வந்தவனின் மொழி எது, அவன் கும்பிடும் சாமி எது என்ற கேள்வி அந்த விதியில் இல்லை.

அந்தக் கல்வெட்டு வெளிநாட்டவரைக் குறிக்கும் சொல் 'பரதேசிகள்'. அன்று அது பிறதேசத்தவர் என்று மட்டுமே பொருள்பட்டது. இன்று நாம் அந்தச் சொல்லை ஒருவரை ஏசுவதற்குப் பயன்படுத்துகிறோம். காக்கப்பட வேண்டியவனுக்கு இருந்த பெயர் ஏச்சாக மாறிய கதையில் நம் மனம் சுருங்கிய கதையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நயினாதீவைப் பற்றி இன்னொரு பழங்கதையும் உண்டு. மகாவம்சம் அதைப் பாளி மொழியில் சொல்கிறது. நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள் மணிகள் பதித்த ஓர் இருக்கைக்காகப் படை திரட்டி நின்றார்கள். இருவரும் மாமனும் மருமகனும். புத்தர் அங்கே வந்து, இரு படைக்கும் நடுவில் தோன்றி, அவர்களுக்கு அறம் சொன்னார். இருவரும் சண்டையை விட்டு அந்த இருக்கையை அவருக்கே கொடுத்தார்கள். இதே போன்ற கதையை நம் மணிமேகலையும் மணிபல்லவத்தைப் பற்றிச் சொல்கிறது. நயினாதீவே மணிபல்லவம் என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு, மறுப்போரும் உண்டு. அந்த ஆராய்ச்சி நமக்கு இப்போது வேண்டாம். கதையின் உள்ளே இருப்பதைப் பார்ப்போம்.

சண்டை எதற்கு? புனிதமான ஓர் இருக்கைக்கு. சண்டை போட்டவர்கள் யார்? சொந்தக்காரர்கள். இரண்டு மொழியின் நூல்களும் நம் தீவுகளின் கடலை நினைவூட்டி இதைச் சொல்லியிருக்க, இந்த இடம் முதலில் யாருடையது என்ற கேள்வியோடு வருபவர்கள் இன்றும் இரு மொழியிலும் இருக்கிறார்கள். அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கலவர காலங்களில் இரண்டுமே காயப்பட்டன. ஆனாலும் குறிகட்டுவான் துறையில் ஒரே வள்ளத்தில் நேர்த்திக்கடனுக்குப் போகும் நம் அம்மாவும், வெள்ளை உடுத்து வரும் சிங்கள அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அலை அடித்தால் இருவரும் ஒரே கம்பியைத்தான் பிடிக்கிறார்கள். அந்த மணிபல்லவத்தில்தான் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். இருக்கைக்கு இருவர் சண்டையிட்ட இடத்தில், பசித்தவர் யாராக இருந்தாலும் சோறிடும் பாத்திரம் கிடைக்கிறது. அம்மன் ஆலயத்து அன்னதானப் பந்தியில் இருப்பவரிடம் நீ யார் என்று கேட்டுவிட்டு யாரும் சோறு போடுவதில்லை.

இனி என் விசுவாசம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் இறைவன் மனிதரைத் தம் சாயலில் படைக்கிறார். ஒரு குலத்தாரை என்றோ ஒரு மொழியாரை என்றோ அங்கே எழுதவில்லை. ஆணும் பெண்ணுமாக, மனிதரை. அப்படியென்றால் எனக்குத் தெரியாத ஒரு முகத்தைப் பார்க்கும்போது, கடவுளின் சாயலில் நான் இன்னும் காணாத ஒரு பக்கத்தைப் பார்க்கிறேன்.

பெந்தகோஸ்து நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாபேலில் மொழிகள் பிரிந்தன என்று படிக்கிறோம். தூய ஆவியார் இறங்கி வந்த நாளில் அந்தப் பிரிவை நீக்கி எல்லோருக்கும் ஒரே மொழியைக் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பார்த்தியரும் மேதியரும் எகிப்தியரும் உரோமையரும் அரேபியரும் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே செய்தியைக் கேட்டார்கள். ஒற்றுமை வந்தது, மொழிகள் அழியவில்லை. தாய்மொழிக்காக இவ்வளவு துன்பப்பட்ட நமக்கு இந்த அதிகாரம் மற்றவர்களைவிட நன்றாக விளங்க வேண்டும். அடுத்தவரின் மொழிக்கும் அதே மதிப்பு உண்டு என்பதும் சேர்த்து விளங்க வேண்டும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சிந்தனை அல்ல. எந்தத் தெய்வத்தை ஒருவர் கொண்டாலும் அந்தத் தெய்வமாகி வந்து அருள்பவன் அம்மையப்பனே என்பது சிவஞான சித்தியார் தரும் கருத்து. மனிதரைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் படைத்தது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று திருக்குர்ஆன் 49ஆவது அத்தியாயத்தில் சொல்கிறது. எங்கள் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 ஒக்டோபர் 28 அன்று, மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் தான் தள்ளுவதில்லை என்று அறிக்கையிட்டது.

ஆனால் எங்களுக்கு அந்தப் பாடத்தை முதலில் கற்றுத் தந்தது சங்கமும் அல்ல, ஏடும் அல்ல. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இந்த மண்ணில் இடம் இருக்கவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இரவில் வீடு வீடாகப் போய்த் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் அவர் கண்டிக்குப் போனார். அங்கே முதலில் உளவாளி என்ற சந்தேகத்தில் சிறை. பிறகு அவரைப் பாதுகாத்து ஊழியம் செய்ய இடம் கொடுத்தவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். கண்டியில் அம்மை நோய் பரவியபோது அடிகளார் சமயம் பாராமல் நோயாளருக்குப் பணி செய்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் மகிழ்ந்தோம். கிறிஸ்தவ ஆட்சியாளர் ஒருவர் துரத்திய கிறிஸ்தவக் குருவைப் பௌத்த மன்னர் ஒருவர் காத்தார் என்பதையும் அந்த மகிழ்ச்சியோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த சாட்சி நம் ஊர்க்காரர். 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளார். 1938இல் உரோமையில் குருவானவர். வளர்ந்த பிறகு, திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியில் இருந்தபோதுதான் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இலண்டன் பல்கலைக்கழகம் என்று போனார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்ததற்கு அவருடைய உழைப்பு முதற்காரணம். சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் சேர்ந்து வளர்த்த மொழி என்றே தமிழை அவர் உலகத்துக்குக் காட்டினார். அதற்காக அவர் தம் குருத்துவத்தில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளவில்லை. பிற சமயத்தை மதித்தால் நம் சமயம் தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கரம்பொன் தந்த பதில் அவர்.

இதுவரை நல்லவற்றைச் சொன்னேன். இனிச் சொல்வது கசப்பானது. நூறு வயதான ஒரு பாடசாலை அதைக் கேட்கும் பலம் உள்ளது என்று நம்புகிறேன்.

அடிகளார் தமிழ் கற்ற அந்த வடக்கன்குளத்தில் ஒரு கோவில் உண்டு. 1872இல் கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு பிரிவாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். பீடம் ஒன்று, திருப்பலி ஒன்று, மக்கள் மட்டும் இரண்டு. 1910இல் பங்குத் தந்தை கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடிப்பித்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்களே. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அது இந்தியாவில் நடந்தது என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. நம் பாடசாலை குழந்தைப் பருவத்தில் இருந்த நாட்களில், 1929இல், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று அரசு சொன்னது. அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். சமஆசனம் என்ற அந்தச் சின்ன விடயத்துக்கு யாழ்ப்பாணத்தில் எத்தனை எதிர்ப்பு! மனுக்கள் போயின. 1930இல் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. கோவில் கதவுகளுக்காக 1968இல் மாவிட்டபுரத்தில் போராட வேண்டியிருந்தது. பூட்டி வைத்தவர்களும் பக்தர்கள், எரித்தவர்களும் பக்தர்கள். இதை மறைத்துவிட்டு விசுவாசத்தின் பெயரால் பன்மையைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். முகம், மொழி, வழிபாடு, சமையல், பாட்டு இவையெல்லாம் பல விதமாக இருப்பது இறைவன் தந்த செல்வம். ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்பது அவர் தந்தது அல்ல, அது நாம் செய்தது. முதலாவதைக் கொண்டாட வேண்டும், இரண்டாவதை ஒழிக்க வேண்டும். சாதியும் ஒரு பண்பாட்டு வேறுபாடுதானே, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மென்மையாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், குறிப்பாகக் கலியாணப் பேச்சு வரும்போது. அவர்களுக்கு என் பதில் இதுதான். வாங்கில் இருக்கும் பிள்ளையும் நிலத்தில் இருக்கும் பிள்ளையும் பன்மை அல்ல, பாவம்.

இன்னொரு கசப்பும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தீவகத்திலும் தொழுகை ஒலித்த வீடுகள் இருந்தன. உடைந்த கப்பலின் பொருளில் பாதியையாவது உடையவனிடம் விடு என்று கல்லில் வெட்டிய கரையில், எண்ணூறு ஆண்டுகள் கழித்து, கூடப் படித்த பிள்ளைகள் ஒரு பையோடு அனுப்பப்பட்டார்கள்.

துயரம் நமக்கும் தெரியாதது அல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்ததை எந்தத் தீவக வீடும் மறக்கவில்லை. 1990இல் நாமும் பாய் தலையணையோடு ஊரை விட்டு ஓடினோம். ஆனால் நம் துயரம் அடுத்தவர் துயரத்தைப் பார்க்க விடாமல் கண்ணை மறைக்கக் கூடாது. இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவியரின் முகவரிகளைச் சேர்த்தபோது ரொறன்ரோ வந்தது, இலண்டன் வந்தது, பாரிஸ் வந்தது, ஒஸ்லோவும் சிட்னியும் வந்தன. புத்தளம் வரவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க முடிந்த நமக்கு, இதே நாட்டில் இருக்கும் தோழியரைத் தேட வேண்டும் என்று தோன்றவில்லை. பட்டியலில் இல்லாத அந்தப் பெயர்களும் இந்தப் பாடசாலையின் நூறு வருடத்தில் அடங்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழியருக்கு ஒரு வார்த்தை. இன்று பரதேசிகள் நீங்கள்தான், அந்தப் பழைய பொருளில் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் வேறு நிறத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் படிக்கிறார்கள். உங்கள் கோவிலுக்கும் உங்கள் தமிழ்ப் பள்ளிக்கும் அந்த ஊர் இடம் கொடுக்கிறது. அங்கே உங்களுக்குக் கிடைக்கும்போது உரிமை என்று நாம் சொல்வதை, இங்கே மற்றவருக்குக் கொடுக்கும்போது தயவு என்று சொல்லக் கூடாது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தவக்காலத்தை ஒட்டிக் கச்சதீவில் புனித அந்தோனியார் திருவிழா நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையின் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி எழுப்பிய கோவில் அது. 2016இல் புதிய கோவில் திறக்கப்பட்டது. 1974 ஒப்பந்தத்தின்படி இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டு இல்லாமலே அங்கே வரலாம். வலைக்காகவும் எல்லைக்காகவும் கடலில் பிணக்குப்படும் இரு கரை மீனவரும் அங்கே ஒரே மணலில் முழந்தாளில் இருக்கிறார்கள். சைவக் குடும்பங்களும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வருகின்றன. திருவிழா முடிந்ததும் பிணக்கு முடிந்துவிடாது. ஆனால் பிணக்குப்பட்டவரின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த இரண்டு நாள், பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்காத ஒன்று.

எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் மூன்று கோரிக்கைகளை வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, 1990இல் போன நம் முஸ்லிம் தோழியரைத் தேடுவோம். பழைய வரவுப் பதிவேடுகளிலும் வகுப்புப் படங்களிலும் இருந்து பெயர்களை எடுப்போம். புத்தளத்துக்குப் போய், வாருங்கள் என்று நேரில் அழைப்போம். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அழைக்க வேண்டியது நம் கடமை.

இரண்டாவது, சங்கம் கொடுக்கும் உதவிப் பணம், விடுதி இடம், பரிசு எதிலும் ஒரு பிள்ளையின் சாதியை யாரும் மறைமுகமாகக்கூட விசாரிக்காத ஒழுங்கை எழுத்தில் வைப்போம்.

மூன்றாவது, மேல் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை நயினாதீவுக்கு அழைத்துச் செல்வோம். அம்மன் ஆலயம், விகாரை, பள்ளிவாசல் மூன்றுக்கும் போகட்டும். அங்கங்கே இருப்பவர்களிடம், நீங்கள் எப்படிச் செபிக்கிறீர்கள் என்று கேட்கட்டும். அந்தக் கல்வெட்டின் முன் நின்று ஓர் ஆசிரியை அதை அவர்களுக்கு விளக்கட்டும்.

இறைவன் நம்மைப் பல முகங்களாகப் படைத்தது அவருக்குத் தெரியாமல் நடந்தது அல்ல. அவருடைய விருப்பத்துக்கு நம் வாசலைத் திறந்து வைப்பதுதான் நம்மால் செய்யக்கூடிய நன்றி. இந்தப் பாடசாலையின் இரண்டாவது நூற்றாண்டு அந்த நன்றியோடு தொடங்கட்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றேன்.